அத்தைக்குப் போக மிச்சம்

மூன்றாவது பன்றி லேசில் சாகவில்லை. பௌலா கத்தியை உருவி மறுபடியும் அதன் கழுத்தில் செருகினார். ரத்தம் லுசேயானேயின் முழங்கால் வரை பீய்ச்சியடித்தது. அவள் பின்னங்கால்களை விடவில்லை. விட்டால் அது வேலியை முட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியின் துணிக்கொடி வரை ஓடும். அவள் போலீசைக் கூப்பிடுவாள். சிட்னியில் டோங்காத் தீவுக்காரன் ஒருவன் செத்தால் இந்தக் கூத்தையும் சேர்த்துத்தான் சமாளிக்க வேண்டும்.

இருவர் இடுப்பிலும் கிழிந்த பெரிய பாய். செத்தவரைவிட முறையில் தாழ்ந்தவர்களுக்கு அதுதான் உடை, அடுப்படிதான் இடம். செத்தவர் லுசேயானேயின் அப்பா செமிசி. பௌலா அவருடைய தம்பி. உள்ளே சவப்பெட்டியின் தலைமாட்டில் அவர்கள் இருவருக்கும் அக்கா ஒஃபா உட்கார்ந்திருந்தாள். சாவு வீட்டில் முதல் மரியாதை அவளுக்குத்தான். தம்பி வீட்டில் அக்கா கைநீட்டியதெல்லாம் அக்காவுடையது. ஏன் என்று கேட்கிற நாக்கு டோங்காவில் யாருக்கும் முளைத்ததில்லை.

செமிசி அப்படிக் கொடுத்தே போண்டியானவர். அக்கா புருஷன் சாவு, அக்கா மகன் கல்யாணம், தேவாலயத்தில் பேரையும் தொகையையும் உரக்க வாசிக்கிற காணிக்கை ஞாயிறு, எல்லாவற்றுக்கும் கடன் அட்டையைத் தேய்த்தார். அதை அடைக்க வட்டிக் கடைக்குப் போனார். வட்டிக் கடைக்காரன் சும்மா விடுவானா? காலை முதல் ராத்திரி வரை போன் அலறியது. கடைசியில் மகள்தான் அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் திவால் அறிவிக்க வைத்தாள். ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தவன்னு சனம் காறித் துப்புமே’ என்று அழுதுகொண்டேதான் கையெழுத்துப் போட்டார். போன் அடங்கியது. மனுஷர் அன்றிரவே குறட்டை விட்டுத் தூங்கினார். அடுத்த அறையில் படுத்து அந்தக் குறட்டையைக் கேட்க லுசேயானேக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடுத்த காணிக்கை ஞாயிறன்று, செமிசி குடும்பம் ஐம்பது டாலர் என்று வாசித்தார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வெளியே கார்களுக்கு நடுவில் பௌலா அண்ணனைச் சட்டையைப் பிடித்துச் சாத்தி, வாயிலேயே குத்தினார். உதடு பிளந்து பல் தெரிந்தது. செமிசி கையைத் தூக்கவே இல்லை. அந்த வாரமே, கான்கிரீட் கொட்டிக்கொண்டிருந்தவர் அதன்மேலேயே குப்புற விழுந்து செத்தார். இதயம் என்றார் டாக்டர். இதயம்தான், வேறென்ன சொல்வது? பெட்டிக்குள் அப்பிய பவுடரையும் மீறி அந்தப் பிளவு தெரிந்தது.

பன்றி அடங்கியது. பௌலா கையைப் பாயில் துடைத்துவிட்டு ஜன்னலோரம் கிடந்த லுசேயானேயின் போனை எடுத்தார். மூன்று பன்றி எந்த மூலைக்கு என்றார். ஒரு மாடாவது வெட்ட வேண்டும், அக்கா முன்னால் சீராகப் பாய்களும் துணிக்கட்டுகளும் ஆள் உயரத்துக்குக் குவிய வேண்டும். போனிலேயே கடனுக்கு எல்லாம் நிரப்பியாயிற்றாம், அவள் பேரில். குடும்பத்தில் கறைபடாத பேர் அது ஒன்றுதான். கட்டைவிரலை வைத்தால் அடக்கத்துக்கு முன் பணம் வந்துவிடும்.

“மாட்டேன் சித்தப்பா.”

“உங்கப்பனை அநாதைப் பொணமா பொதைக்கச் சொல்றியா?”

“அவ்வளவு ஆசையா இருந்தா உங்க பேர்ல வாங்குங்க.”

அது சுருக்கென்று தைத்தது. பௌலாவின் பேருக்கு ஒரு டீ கூடக் கடன் கிடைக்காது. கழுத்துவரை முங்கியிருந்தும் திவால் என்று சொல்ல ரோஷம் விடவில்லை. ஓங்கி அறைந்தார். அவள் சரிந்து விழுவதற்குள் வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிக் கட்டைவிரலைப் போனில் வைத்து அழுத்தினார். விரலெல்லாம் பன்றி ரத்தம். போன் ஏற்கவில்லை. விரலைத் தன் பாயில் தேய்த்துத் தேய்த்து மறுபடி அழுத்தினார். மூட்டு பிசகியது. அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

இடது கைக்கு அகப்பட்டது, கல்லைச் சுடவைத்துச் சமைக்கிற குழி அடுப்பில் கல் அள்ளுகிற மண்வெட்டி. வீசினாள். தகடு பௌலாவின் காதோரம் பட்டது. ஆள் இன்னும் நெருப்பு வைக்காத கல் குவியலின்மேல் மல்லாந்தார். லுசேயானே மறுபடி ஓங்கினாள். கொல்ல வேண்டும் என்றுதான் ஓங்கினாள், அதில் சந்தேகமே இல்லை. பௌலாவின் கையிலும் கத்தி வந்திருந்தது.

பின்கதவு திறந்தது. ஒஃபா நின்றாள். பிணத்தின் தலைமாட்டை விட்டு அக்காக்காரி அடுப்படிக்கு வருவது நடவாத காரியம். மண்வெட்டி தானாக இறங்கியது. பௌலா கத்தியைப் போட்டுவிட்டு மண்ணில் சம்மணமிட்டார். பெரியவர்கள் முன்னால் நிற்பது டோங்காவில் அவமரியாதை. காதிலிருந்து ரத்தம் தோளுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

“என்னடா இது?”

எல்லாம் உனக்காகத்தான் அக்கா என்று ஆரம்பித்தார் பௌலா. மாடு, பாய், கடன், அவள் திமிர் எல்லாவற்றையும் சொன்னார்.

லுசேயானே உட்காரவில்லை. அத்தை முன்னால் நின்றுகொண்டே பேசினாள்.

“எங்கப்பா வாயைக் கிழிச்சது இவர். ஆனா அவரைக் கடன்ல தள்ளினது நீங்கதான் அத்தை.”

ஒஃபா கிட்டே வந்து மருமகளின் வீங்கிய விரலைத் தூக்கிப் பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்து லுசேயானே பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“அவன் எனக்கு இல்லன்னு சொன்னதே இல்ல. நானும் போதும்னு சொன்னதில்ல,” என்றாள் ஒஃபா.

பிறகு பௌலாவிடம் கையை நீட்டினாள்.

“அந்த போன் எனக்கு வேணும்.”

மறுக்க முடியுமா? அக்கா கேட்டுவிட்டாள். கொடுத்தார். பன்றி மயிர் வழிக்க அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒஃபா போனை அதற்குள் போட்டாள்.

“உனக்கு வேற வாங்கிக்கோ. கையில காசு இருந்தா மட்டும் வாங்கு,” என்றாள் மருமகளிடம்.

மறுநாள் மதியம் செமிசியைப் புதைத்தார்கள். தேவாலயக் கூடத்தில் ஒஃபாவின் முன்னால் வைக்கப்பட்டவை மூன்றே பாய்கள். சனம் அதைப் பார்த்தது, பந்தியைப் பார்த்தது, ஒருவர் காதை ஒருவர் கடித்தது. ஆளுக்கு ஒரு துண்டு பன்றி, இரண்டு துண்டு சேப்பங்கிழங்கு. இருநூறு பேர் இருந்த கூடத்தில் யாரும் தட்டைத் தொடவில்லை. ஒஃபா கோபித்துக்கொண்டு எழுந்தால் கூடவே எழுந்துவிடலாம் என்றுதான் முக்கால்வாசிப் பேர் காத்திருந்தார்கள்.

ஒஃபா கிழங்கைப் பிட்டு வாயில் போட்டாள். பல் இல்லாத பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் கொண்டுவந்து, நிதானமாக மென்றாள். கூடம் முழுக்க அவள் தாடையைப் பார்த்தது.

“நல்லா வெந்திருக்கு. இன்னொண்ணு வை,” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

லுசேயானே குனிந்து இடது கையால் வைத்தாள்.