நடுநிலை என்றொரு கட்டம்

சட்டசபைக் கட்டட வாசலில் என் பின்னல் ஊசிகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். இரண்டும் மூங்கில் ஊசிகள். பாதி முடிந்த கம்பளித் தொப்பி ஒன்று அவற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. "கூரான பொருள் உள்ள போகக்கூடாதும்மா, திரும்பிப் போறப்ப வாங்கிக்குங்க" என்றார் காவலர். ஊசியை உருவியதும் ஒரு வரிசைக் கண்ணிகள் அப்படியே அவிழ்ந்துகொண்டு போயின. அதே நேரத்தில் பக்கத்து வரிசையில் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் அட்டையை நீட்டிவிட்டு, இடுப்பில் செருகிய துப்பாக்கியோடு, சோதனைக் கருவியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அதில் ஒருத்தர் எனக்குக் காலை வணக்கம் வேறு சொன்னார். சீ என்று ஆகிவிட்டது.

"விடுக்கா. ஊசிக்குச் சண்டை போடவா நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தோம்?" என்றாள் நோரீன்.

நோரீன் என் தங்கை. வயது நாற்பத்து மூன்று. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. முன்பு வலது கையால் பிரித்தவள், இப்போது இடது கையால் பிரிக்கிறாள். இரண்டரை வருடத்துக்கு முன்னால் அவள் புருஷன் லைல், மான் தோல் உரிக்கிற கத்தியைக் கோட்டுக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு சமையலறையில் அவள் மேல் பாய்ந்தான். கையால் தடுத்தாள். நரம்பு அறுந்து, இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை. கோர்ட்டில் அவன் வக்கீலும் அரசாங்க வக்கீலும் மூலையில் நின்று ஏதோ பேசிக்கொண்டார்கள். கடைசியில் 'பொது அமைதியைக் குலைத்தான்' என்று ஒரே வரியில் கதை முடிந்தது. அமைதியைக் குலைத்தானாம்! பக்கத்து வீட்டில் பாட்டைச் சத்தமாக வைக்கிறவனுக்கும் அதே வரிதான். விவாகரத்து ஆயிற்று. அவளை நெருங்கக்கூடாது என்ற உத்தரவும் போன மாதத்தோடு காலாவதி.

நான் ஆர்டிஸ். எங்கள் மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரீஃபின் அலுவலகத்தில் உரிமக் கவுன்டரில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். துப்பாக்கியோ நீளக் கத்தியோ உடைக்குள் மறைத்து எடுத்துப்போக வேண்டுமானால் என் கவுன்டருக்கு வந்து விண்ணப்பம் கொடுக்க வேண்டும், பயிற்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும், ஷெரீஃப் கையெழுத்துப் போட வேண்டும். லைல் மூன்று முறை வந்தான். சொந்தக்காரன் என்பதால் அவன் தாளை நான் தொடமாட்டேன், அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுவேன். மூன்று முறையும் ஷெரீஃப் முடியாது என்று திருப்பி அனுப்பினார். என் தங்கைக்கும் அந்தக் கத்திக்கும் நடுவில் மிச்சமிருந்தது அந்த ஒரு மறுப்புதான். இன்றைக்கு இங்கே விசாரணைக்கு வந்த புது மசோதா அதைத்தான் எடுத்துவிடப் பார்த்தது. உரிமம் வேண்டாம், பயிற்சி வேண்டாம், யாரையும் கேட்கவும் வேண்டாம். பதினெட்டு வயது நிரம்பிய எவனும் எதையும் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு எங்கேயும் போகலாம். நான் துப்பாக்கியைக் கண்டு அலறுகிற ஆள் இல்லை. பன்னிரண்டு வயதில் அப்பாவோடு மான் வேட்டைக்குப் போனவள். அந்தத் துப்பாக்கி ஊருக்கே தெரிகிற மாதிரி தோளில் தொங்கும்.

மசோதாவைப் பற்றி ஜனங்கள் கருத்தைக் கேட்கிற அறைக்கு வெளியே ஒரு மேஜையில் சீட்டுகள் வைத்திருந்தார்கள். பெயர், ஊர், கீழே மூன்று கட்டங்கள்: ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை. நோரீனுக்குச் சிறிய கட்டங்களில் எழுத வராது, பேனா வழுக்கும். "நீயே ரெண்டையும் போட்டுடுக்கா" என்று சொல்லிவிட்டு, தான் பேசப்போவதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள். ஒருத்தருக்கு இரண்டு நிமிடம். மூன்று வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று அந்த இரண்டு நிமிடத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். கோர்ட்டில்கூட அவளை வாய் திறக்கவிடவில்லை. நான் இரண்டு சீட்டையும் நிரப்பி, பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே மசோதாவை முதலில் பார்க்கிற குழு, பதினொரு செனட்டர்கள். ஒருவர் டோனட்டின் மேலிருந்த சர்க்கரையை விரலில் தொட்டு நக்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் போனை மேஜைக்கடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார், எங்களுக்குத் தெரியாது என்று நினைப்பு. ஒரு டாக்டர் வந்து, கத்திக்குத்துப் பட்டவர்களை நள்ளிரவில் தைப்பதைப் பற்றிச் சொன்னார். அவர் முடித்ததும் வழுக்கைத் தலைச் செனட்டர் ஒருவர் மைக்கை இழுத்து, "டாக்டரய்யா, என் வீட்டுக்காரி பைக்குள்ள சீஸ் வெட்டற கத்தி வச்சிருக்கா. அவளையும் உள்ள தள்ளிடலாமா? ரெண்டு நாள் எனக்கும் நிம்மதியா இருக்கும்" என்றார். அறையே சிரித்தது. டாக்டரும் பாவம், மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

பிறகு குழுத் தலைவர் ஹால்வர்சன், ஆதரவுச் சீட்டு ஒன்றை எடுத்து, "லைல் பிரெக்கி" என்று கூப்பிட்டார்.

நோரீனின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அவன் எங்களுக்கு மூன்று வரிசை பின்னாலிருந்து எழுந்து போனான். இஸ்திரி போட்ட சட்டை. தலையைப் படிய வாரியிருந்தான். நெஞ்சில் 'என் உரிமை' என்ற வட்ட ஸ்டிக்கர்.

"நான் சாதாரண ஆளுங்க ஐயா" என்று ஆரம்பித்தான். "வேட்டைக்குப் போவேன், ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போவேன். என் பாதுகாப்புக்கு உரிமம் கேட்டேன். மூணு தடவை கேட்டேன். காரணமே சொல்லாம அனுப்பிட்டாங்க. அந்தக் கவுன்டர்ல உக்காந்திருக்கிறது யாரு தெரியுங்களா? என்னை விட்டுட்டுப் போன பொண்டாட்டியோட கூடப் பொறந்த அக்கா. இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?" அங்கே குரல் தழுதழுத்தது. எங்கே கற்றுக்கொண்டானோ.

ஹால்வர்சன் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு நடந்தது அநியாயம் தம்பி. இந்த மாதிரி ஒருத்தர் ரெண்டு பேர் இஷ்டத்துக்கு ஆடக்கூடாதுன்னுதான் இந்த மசோதாவையே கொண்டு வர்றோம். இவ்ளோ தூரம் வந்ததுக்கு நன்றி." லைல் திரும்பி வரும்போது எங்கள் வரிசைப் பக்கம் லேசாகத் தலையாட்டிவிட்டுப் போனான். எழுந்து போய் அந்த ஸ்டிக்கரைப் பிய்த்து அவன் வாயில் திணிக்கலாம் போல் இருந்தது.

"இருக்கட்டும். அடுத்தது நான்தானே? சொல்றேன்" என்றாள் நோரீன். முகம் வெளிறியிருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. எதிர்ப்புச் சீட்டுகள் ஒவ்வொன்றாகப் போயின. ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, ஒரு பாதிரியார், பார் நடத்துகிற ஒருவர். ஒவ்வொரு பெயருக்கும் நோரீன் நாற்காலி நுனிக்கு வந்து வந்து பின்னால் போனாள். பன்னிரண்டு மணியானதும் ஹால்வர்சன் காகிதங்களைத் தட்டி அடுக்கினார். "எதிர்ப்பு அவ்வளவுதான். நடுநிலைன்னு போட்டவங்க எழுத்துல அனுப்பிடுங்க, நேரமில்லை. இப்ப ஓட்டெடுப்பு."

நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர் பெண்ணிடம் ஓடினேன். "நோரீன்னு ஒரு சீட்டு. விட்டுட்டீங்க." அவள் புரட்டிப் பார்த்தாள். "நோரீன், ஆர்டிஸ். ரெண்டும் இருக்கும்மா. ரெண்டுமே நடுநிலைதான் போட்டிருக்கீங்க." சீட்டைத் திருப்பிக் காட்டினாள். என் கையெழுத்து. மூன்றாவது கட்டத்தில் அழகாக, நேராக, என் டிக்.

பத்தொன்பது வருடமாக அலுவலகத்திலிருந்து எந்த விசாரணைக்கு அனுப்பினாலும் நாங்கள் போட வேண்டியது அந்தக் கட்டம்தான். ஊழியர்களுக்குக் கருத்துக் கிடையாது, இது சட்டம். இன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டு, என் தங்கைக்காக, என் சொந்தக் காரில் வந்தவள். ஆனால் என் கைக்கு அது தெரியவில்லை. பேனாவைப் பிடித்ததும் அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துவிட்டது. அவர்கள் மேல் வந்த அருவருப்பெல்லாம் ஒரு நொடியில் திரும்பி என் மேலேயே விழுந்தது.

"தப்பு நடந்துபோச்சு ஐயா! இவ பேசணும், ரெண்டே நிமிஷம்!" என்று கத்தினேன்.

"உட்காருங்கம்மா. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார் ஹால்வர்சன். சர்க்கரை நக்கியவர் கையைத் துடைத்துக்கொண்டு 'சரி' என்று தூக்கினார். ஏழு பேர் சரி, நாலு பேர் வேண்டாம். செவ்வாய்க்கிழமை முழுச் சபைக்குப் போகும். அங்கே அவர்கள் ஆட்கள்தான் இரண்டு மடங்கு. கவர்னர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று ஊருக்கே தெரியும்.

நோரீன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "என்னக்கா எழுதினே?" என்று மட்டும் கேட்டாள். "பழக்க தோஷம்டி" என்றேன். அதைச் சொல்லும்போது என் நாக்கே எனக்குக் கசந்தது. "ம்" என்றாள். ஊசிகளை வாங்கிக்கொள்ளாமலே வெளியே வந்துவிட்டோம்.

கார் நிறுத்துமிடத்தில் எங்கள் காருக்குப் பக்கத்தில் லைலின் பச்சை பிக்கப் வண்டி நின்றது. காலையில் அது அங்கே இல்லை. அவ்வளவு காலி இடம் இருந்தும் அதைக் கொண்டுவந்து எங்கள் கதவோடு ஒட்டி நிறுத்தியிருந்தான். லைல் அதில் சாய்ந்து நின்றான். இடது கையில் காகிதக் குவளையில் காப்பி. வலது கை கோட்டுக்குள். வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது, கோட்டுப் போடுகிற நாளே இல்லை.

"ஆர்டிஸ் அக்கா, சாப்பிட்டீங்களா?" என்றான். "பார்த்துப் போங்க. ரோட்டுல மான் குறுக்க வருதாம்."

"அந்தக் கையில என்ன வச்சிருக்கே லைல்?" என்று கேட்டாள் நோரீன்.

அவன் சிரித்தான். "எதுவா இருந்தா உனக்கென்ன? செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் எவனுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்ல."

நான் கார்ச் சாவியை எடுத்தேன். "ஏறுடி, போகலாம்" என்றேன். கதவைத் திறக்க வேண்டுமானால் அவனை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். நோரீன் அசையவில்லை. கைப்பையைக் காருக்கு முன்னால் தரையில் வைத்தாள். இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் செனட்டர்களுக்கும் வணக்கம்" என்று உரக்க ஆரம்பித்தாள். "என் பேரு நோரீன். நான் இந்த மசோதாவை எதிர்க்கிறேன்."

சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்றார்கள். அந்தப் பாதிரியார் தன் காரிலிருந்து இறங்கினார். லைலின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "என்னடி பைத்தியமா உனக்கு" என்று பல்லுக்குள் சொன்னான். அவள் நிறுத்தவில்லை. வலது கையை, மடங்காத இரண்டு விரல்களோடு, எல்லோருக்கும் தெரிகிற உயரத்துக்குத் தூக்கினாள். "இதோ, இந்தக் கையை ஒரு நிமிஷம் பாருங்க" என்றாள்.

எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள். நான் அவன் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவன் முழங்கை மெல்ல அசைந்தது. கை வெளியே வரவில்லை.