ஒரு விரலில் திறக்கும் மூடி

மின்சாரக் காரின் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமென்றால் கசிமிர் முதலில் இருக்கையைக் கழற்ற வேண்டும். பிறகு கம்பளம், பிறகு பதினெட்டுத் திருகு போட்ட தரைப்பலகை. கிளீவ்லாந்தில் அவன் வேலை பார்த்த கொட்டகையில் நாற்பது வண்டிகள் நின்றன. 1913-இல் அவனுக்கு வயது முப்பத்தைந்துதான், முதுகுக்கு மட்டும் எழுபது.

அந்த வண்டிகளை வரைகிற ஹார்லன் ஒருநாள் அங்கே வந்தபோது, கசிமிர் அவன் கையில் திருப்புளியைத் திணித்தான்.

"பென்சில்காரரே, ஒரு தடவை நீங்க குனிஞ்சு பாருங்க. அப்புறம் போய் வரைங்க."

ஆறாவது திருகிலேயே ஹார்லனுக்கு உள்ளங்கை உரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, இரண்டு மாதம் உட்கார்ந்து புதிதாக வரைந்தான். தரையில் ஒரு மூடி, அதில் ஒரு வளையம். ஒற்றை விரலால் தூக்கினால் போதும். அமிலவாடை வண்டி ஓட்டும் பெண்களின் மூக்கில் ஏறும் என்று கம்பெனி மேலிடம் முகம் சுளித்தது. உடனே மூடியின் விளிம்பைச் சுற்றிக் கனத்த கம்பளிப்பட்டை வைத்து இறுக்கினான். அதன்பின் கம்பெனி சம்மதித்தது. முதல் வண்டி கொட்டகைக்கு வந்த அன்று கசிமிர் அந்த வளையத்துக்கு முத்தம் கொடுத்தானாம்.

ஜனவரியில் ஒரு மாலை, சார்ஜ் ஏறி முடிந்த வண்டியின் மூடியைத் தூக்கினான். உள்ளே இருட்டு. தண்ணீர் மட்டம் பார்க்க, ஒன்பது வருடமாகச் செய்வதுபோலவே, தீக்குச்சி கிழித்தான். பேட்டரி வெடித்து அமிலம் முழுக்க முகத்தில் அடித்தது.

தப்பு தீக்குச்சியுடையது என்று கம்பெனி கை கழுவியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரண்டு கண்ணும் கட்டப்பட்டுக் கிடந்த கசிமிரும் அதையே சொன்னான்.

"என் புத்தி கெட்டுப் போச்சு. அதுக்காக அந்த மூடிய எடுத்துடாதீங்க. மத்தவன் முதுகாவது தப்பட்டும்."

ஹார்லன் ஆரஞ்சுப் பழங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் வந்தான், கோழை. ஆனால் அந்தக் கட்டுகளைப் பார்த்தபின் முடியவில்லை. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு கிளம்பும். முன்பு அது பலகை இடுக்குகளில் கசியும். மிச்சமும் பதினெட்டுத் திருகைக் கழற்றும் அரைமணி நேரத்தில் கலைந்துவிடும். கசிமிர் சபித்த அந்த அரைமணிதான் ஒன்பது வருடம் அவன் கண்ணைக் காத்தது. கம்பளிப்பட்டை வாயுவை அடைத்து வைத்தது, வளையம் அதை ஒரு நொடியில் திறந்துவிட்டது. எல்லாவற்றையும் ஹார்லன் சொல்லி முடித்தான்.

திட்டுவான் என்று காத்திருந்தான். கசிமிர் கட்டுப் போட்ட முகத்தை அவன் பக்கம் திருப்பினான்.

"அந்தக் கம்பளி வச்ச வண்டி எத்தன வெளிய போயிருக்கு?"

"நாப்பத்தொண்ணு."

"இன்னிக்குச் சாயங்காலமும் எல்லாத்துக்கும் சார்ஜ் போடுவாங்கல்ல?"

"ஆமா."

"அப்ப என் பக்கத்துல உக்காந்து என்ன பண்றீங்க? எந்திரிச்சுப் போங்க."