வானொலியின் குரல்

அந்தப் பேச்சுப் பயிற்சி நிலையத்தில் கணினிகளைக் கட்டி மேய்ப்பவள் அவள் ஒருத்திதான். பதவியைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. அச்சுப்பொறி மக்கர் செய்தாலும் கடவுச்சொல் மறந்து போனாலும் "அக்கா" என்றுதான் குரல் வரும். சொந்தத் தம்பிக்கும் அவள் அக்காதான் என்பதால் நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

தம்பிக்காரனுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் வானொலி. காலையில் வாயைத் திறந்தான் என்றால் தூங்கும்போதுதான் மூடுவான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. "பயப்படாதீங்க மேடம், அந்த மரம்தான் உங்களைப் பாத்துப் பயப்படணும்" என்று பேசிப் பேசியே கை நடுங்குகிறவர்களையும் ஓட்ட வைத்துவிடுவான். கைபேசியில் குரல் பதிவு அனுப்பு என்றால் மட்டும் அனுப்பமாட்டான். "நேரா பேசுறதை விட்டுட்டு அதெல்லாம் எதுக்கு?" என்று போன் போட்டுவிடுவான். அவன் பேசியதெல்லாம் காற்றோடு போனது. கல்யாண வீடியோவில்கூடப் பாட்டுச் சத்தம்தான் இருக்கிறது.

போயும் போயும் அவனுக்குத்தானா குரல்வளையில் புற்று வர வேண்டும்? உயிரைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் தேதி குறித்துவிட்டார். கேட்டவுடனே அக்கா அழவில்லை. "எங்க நிலையத்துலயே பதிவு பண்ணிடலாம்டா. நான் இருக்கேன்ல" என்றாள்.

அது அவர்கள் நிலையத்தில் செய்கிற வேலைதான். குரல் போகப்போகிறவர்கள் சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பல மணிநேரம் வாக்கியங்களைப் படிப்பார்கள். பயிற்சியாளர் அம்மா அதைச் சுத்தம் செய்து கருவி செய்பவர்களுக்கு அனுப்புவார். பிறகு தட்டச்சு செய்ததை அந்தக் கருவி அவரவர் குரலிலேயே பேசும். பதிவுகள் எல்லாம் அக்கா பார்த்துக்கொள்ளும் சர்வரில் இருக்கும். அந்த ஒரே பெட்டிக்குள் பல மெய்நிகர் கணினிகள், ஒரு வீட்டுக்குள் பல குடித்தனம் மாதிரி. பதிவுகளுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று தனித்தனியாக ஓடும்.

இத்தனைக்கும் நகல் எடுக்க ஒரு பேக்கப் மென்பொருள் உண்டு. தினமும் அது அந்தப் பெட்டியிடம், 'நேற்றைக்குப் பிறகு என்னென்ன மாறியிருக்கிறது?' என்று கேட்கும். மாறியதை மட்டும் எடுத்துப் பழைய நகலோடு சேர்க்கும். முடிந்ததும் பச்சை டிக் போடும். இந்தத் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. பெட்டியைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதற்கு முன், பேக்கப் மென்பொருள் அதோடு ஒத்துப்போகுமா என்று பட்டியலில் பார்க்க வேண்டும். ஒத்துப்போகும் பதிப்பை முதலில் போட்டுவிட்டுத்தான் பெட்டியில் கை வைக்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி மற்றவர்கள் உயிரை வாங்கியவளே அக்காதான்.

அவள் பட்டியலைப் பார்க்காமல் இல்லை. புதிய பதிப்புக்கு நேரே 'ஆதரவு விரைவில்' என்று போட்டிருந்தது. விரைவில் என்றால் எப்போது? பழைய பெட்டியோ நினைத்தபோது நின்றுவிடும், தட்டி எழுப்ப வேண்டும். புதிய பதிப்பில் மட்டுமே ஓடும் புதுப் பெட்டி வந்து அட்டைகூடப் பிரிக்காமல் இருந்தது. இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருக்கும் பழைய பெட்டியில் தம்பியின் குரலை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. மற்றவர் குரலாக இருந்திருந்தால் விதிப்படி காத்திருந்திருப்பாள். பாசம் கண்ணை மறைத்தது என்று சொன்னால் அவளே ஒத்துக்கொள்வாள்.

வானொலி சொன்ன நாளில் சரியாக வந்துவிட்டான். பயிற்சியாளர் அம்மா பதிவை ஓடவிட்டு மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

"இன்னைக்கு வேணாம்டா. புதுப் பெட்டிக்கு மாத்தப்போறேன். அதுலயே நேரா பண்ணிடலாம்."

"வந்தது வந்துட்டேன், ஆரம்பிச்சிடுறேனே அக்கா. நாக்கு அரிக்குது."

"சொன்னா கேளு. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

அந்த வார இறுதியில் அவள் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினாள். ஒரு கோளாறும் இல்லை. பேக்கப் பழைய பதிப்பிலேயே ஓடிப் பச்சை டிக் போட்டது. அதை அப்படியே நம்பிவிடுகிற ஆளும் இல்லை அவள். இரண்டு நாள் கழித்து ஒரு கோப்பை நகலிலிருந்து மீட்டுப் பார்த்தாள். எப்போதோ வந்துபோன ஒரு நீதிமன்ற எழுத்தரின் பதிவு அது. கணீரென்று ஒலித்தது. போதும் என்று நிம்மதியானாள்.

மறுவாரம் வானொலி வந்து நாள்கணக்கில் படித்தான். இரண்டு வாக்கியம் படித்தால் ஒரு கிண்டல் அடிப்பான். பயிற்சியாளர் அம்மா சிரித்துச் சிரித்துப் பதிவைப் பாதியில் நிறுத்த வேண்டியதாகிவிடும். கடைசி நாள், நாலு வயது மகளுக்காகக் கரடிக் கதை ஒன்றை முழுசாகச் சொல்லி முடித்தான். பிறகு அறுவை சிகிச்சைக்குப் போனான். பிழைத்து வந்தான்.

பிழைத்து வந்தவன் கைபேசியில் தட்டினால், அதில் ஏற்கெனவே இருக்கிற ஏதோ ஒரு ஆண்குரல் படித்துச் சொல்லும். குழந்தைக்கு அது ஆகவில்லை. 'அந்த மாமா' என்று அதற்குப் பெயர் வைத்து, சத்தம் கேட்டாலே அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். "கொஞ்ச நாள்தான்டா தங்கம், அத்தை அப்பா குரலைக் கொண்டு வந்துடுவேன்" என்று அக்கா அவளுக்கு வாக்குக் கொடுத்தாள்.

பதிவுகளைச் சுத்தம் செய்யும் வேலை முடியும் தறுவாயில், ஒரு மத்தியானம் புதுப் பெட்டியின் வட்டுகள் மொத்தமாகச் செத்துப்போயின. புதுசு என்றால் சாகாதா என்ன? பயிற்சியாளர் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பதறாதீங்க, பேக்கப் இருக்கு" என்று அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். வேறொரு பெட்டியில் எல்லாவற்றையும் மீட்டாள். நீதிமன்ற எழுத்தர் வந்தார். பழைய ஆட்கள் எல்லாரும் ஒருவர் விடாமல் வந்தார்கள். தம்பியின் பெயரிலிருந்த கோப்புறையைத் திறந்தால் ஒரே ஒரு கோப்பு இருந்தது.

அதற்கு முந்தைய நாளின் நகலைத் திறந்தாள். அதற்கும் முந்தைய நாளுடையதைத் திறந்தாள். எல்லாவற்றிலும் அதே ஒரு கோப்புதான். விஷயம் மெல்லத்தான் அவளுக்கு உறைத்தது. பழைய மென்பொருள் பழைய முறையில் கேட்டிருக்கிறது, புதிய பெட்டி புதிய முறையில் பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலை இது 'ஒன்றும் மாறவில்லை' என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. மாறாதபோது எடுக்க என்ன இருக்கிறது? எதையும் எடுக்காமலேயே ஒவ்வொரு நாளும் பச்சை டிக் போட்டிருக்கிறது. அவள் சோதித்துப் பார்த்ததும் மாற்றத்துக்கு முன்பே நகலில் ஏறிவிட்ட பழைய கோப்பு. அது வராமல் என்ன செய்யும்? மாற்றத்துக்குப் பிறகு அந்த அறையில் உட்கார்ந்து படித்தவன் அவள் தம்பி ஒருவன்தான்.

செத்த வட்டுகளை மீட்கிறவர்களிடம் அனுப்பினாள். அவர்களும் கைவிரித்துவிட்டார்கள்.

தம்பி வீட்டுக் கூடத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். "விதி தெரிஞ்சும் நான்தான்டா அவசரப்பட்டேன். காத்திருந்திருந்தா, இல்ல அன்னைக்கே உன்னைப் பேச விட்டிருந்தா..." தம்பி மனைவி திரும்பி, காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அக்காவுக்கு.

வானொலி கைபேசியில் தட்டினான். உள்ளே குழந்தை கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"விடு அக்கா. என் வாயை அடைக்கணும்னு சின்ன வயசுலேருந்து உனக்கு ஆசை" என்றது அந்த மாமாவின் குரல், வங்கியில் டோக்கன் எண் சொல்வது போல. அவன் குரலில் வந்திருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவன் முகம் மட்டும் சிரிப்புக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தது.

அக்கா தன் கைபேசியை எடுத்தாள். "இது ஒண்ணுதான்டா கிடைச்சுது" என்று சொல்லி அந்த ஒரே கோப்பைப் போட்டாள்.

"ஒண்ணு ரெண்டு மூணு, கேக்குதா அம்மா?" என்றான் பழைய வானொலி. கதவு திறக்கும் சத்தம். "இன்னைக்கு வேணாம்டா." பிறகு மறுபடி அவன்: "வந்தது வந்துட்டேன், ஆரம்பிச்சிடுறேனே அக்கா. நாக்கு அரிக்குது." கடைசியில் அவள் குரல்: "சொன்னா கேளு. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்." அத்தோடு முடிந்தது.

குழந்தை அறையிலிருந்து ஓடி வந்தாள். "அப்பா" என்றாள். கைபேசியைப் பார்த்தாள், அப்பாவின் வாயைப் பார்த்தாள். அத்தையின் கையிலிருந்து அதைப் பிடுங்கித் தரையில் உட்கார்ந்து தானே போட்டுக் கேட்டாள். திரும்பவும் கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அத்தை, அப்பா பேசுறேன்னுதானே சொல்றாரு. நீ ஏன் வேணாங்குற?"

அக்கா அங்கேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். மருத்துவர் தேதி குறித்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அது. வானொலி அவசரமாகத் தன் கைபேசியை எடுத்து மகளுக்கு ஏதோ பதில் தட்டினான். ஒலிக்க வைக்கும் பொத்தானுக்கு மேல் விரல் போனது. மடிக்கருகே வந்து உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தான். அதை அழுத்தினால் அவள் எழுந்து ஓடிவிடுவாள்.

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டான். குழந்தை அந்தப் பதிவை மறுபடி முதலிலிருந்து போட்டாள்.