முப்பத்தெட்டாவது புடவை

மணிமொழி மாடிப்படி ஏறி வந்தபோது நான் யாரோ கலைத்துவிட்டுப் போன புடவைகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதமாகச் சிங்கவரத்தில் அம்மா வீட்டில் இருக்கிற என் பெண்டாட்டி. கூடவே கல்யாணம் நிச்சயமான அவள் தங்கச்சி ரஞ்சனி. முகூர்த்தப் புடவை எடுக்க செஞ்சியில் வேறு கடையே இல்லையா என்ன? ரஞ்சனி முந்திக்கொண்டு வந்து குசுகுசுத்தாள். “மாமா, அக்கா துணிப்பையோட வந்துருக்குது. மனசுல இருக்கறத நீ ஒரு வார்த்த பேசினா போதும், இப்பவே உங்கூட வந்துடும். கெடுத்துடாத.”

நான் ஒரு காலத்தில் பொல்லாத கோபக்காரன். ஜாக்கெட் பிட்டுக்கு ஒன்பது கலர் கேட்ட அம்மாளை “தைக்கறதுக்கா, வேடிக்க பாக்கறதுக்கா?” என்று கேட்டு ஒரு கடையில் வேலை போனது. இந்தக் கடை முதலாளி என்னைத் திண்டிவனத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே ஒரு சார் ஸ்டோயிக் என்று ரோமாபுரிக் காலத்துத் தத்துவம் ஒன்றைச் சொன்னார். கஸ்டமர் வாங்குவது உன் கையில் இல்லை, உன் மனசு உன் கையில் இருக்கிறது. இன்றைக்கு என்னென்ன அவமானம் வரும் என்று காலையிலேயே நினைத்துப் பார்த்துக்கொள், வரும்போது வலிக்காது. சத்தியமாகச் சொல்கிறேன், வலிக்கவில்லை. கடையையே கலைத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு போகிறவர்களைக்கூடச் சிரித்து வழியனுப்பினேன். பட்டு செக்‌ஷனுக்கே பெரிய ஆள் ஆனேன்.

மாசியில், எட்டாம் மாதத்தில், எங்கள் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. பெண். துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். மணிமொழி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நான் கடையில் வைத்திருக்கிற அதே முகத்தோடு, “நம்ம கையில இல்லாததுக்கு அழுது இன்னா ஆவப்போவுது, உடு” என்றேன். அந்தச் சாரே கேட்டிருந்தால் என்னைச் செருப்பால் அடித்திருப்பார்.

அன்றைக்கு அம்மா வீட்டுக்குப் போனவள், இப்போது எதிரில் பாயில் வந்து உட்கார்ந்தாள். இளைத்துப்போயிருந்தாள். “சொல்லுங்கம்மா, இன்னா ரேஞ்சுல பாக்கலாம்?” என்றேன். வாய் தானாகச் சொன்னது. கட்டின பெண்டாட்டியிடம்!

“பட்டு காட்டுங்க” என்றாள், என்னை வா போ என்று பேசுகிறவள்.

அரக்குக் கலர் புடவையைப் பிரித்தேன். மயில்கழுத்து, ராமர் பச்சை, வாடாமல்லி. எதைப் போட்டாலும் “வேற” என்றாள். ரஞ்சனி மூன்றாவது புடவையையே மடியில் வைத்துக்கொண்டு, இது போதும் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். மணிமொழி திரும்பவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? ஒன்றை விட்டெறிந்து நான் கத்த வேண்டும். மணி, வீட்டுக்கு வாடி, அந்தத் துணிச்சுருட்டு இன்னும் கையில் கனக்குதுடி என்று அழ வேண்டும். தொண்டை வரைக்கும் வந்தது. கை பாட்டுக்கு அடுத்த புடவையைப் பிரித்தது.

மாம்பழ மஞ்சளை எடுத்தபோது, “தோள்ல போட்டுக் காட்டுங்க” என்றாள். எங்கள் தொழிலில் அது வழக்கம்தான். எழுந்து நின்று, இடுப்பில் கொசுவம் பிடித்து, முந்தானையைத் தோளில் போட்டேன். அவள் புடவையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

“இதோட முப்பத்தெட்டு பொடவ. இன்னும் உனக்குக் கோவம் வரல, இல்ல?”

பழைய மணிமொழியின் குரல். ஆறு மாதமாக அதற்குத்தான் ஏங்கிக் கிடந்தேன்.

“கஸ்டமருகிட்ட இன்னாம்மா கோவம்” என்றேன்.

ஐயோ. சொல்லி முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. அவள் முகத்தில் ஏதோ அணைந்தது. பையை எடுத்துக்கொண்டாள். “வா ரஞ்சனி.” ரஞ்சனி மடியிலிருந்த புடவையைப் பாயில் வைத்துவிட்டு அழுதுகொண்டே பின்னால் போனாள். ஓடியிருக்கலாம். கொசுவத்தைப் பிடித்தபடியே நின்றேன். படியில் அவளுடைய கொலுசுச் சத்தம் இறங்கி, தெருச் சத்தத்தில் கலந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வந்தது என்றால், மாசியிலிருந்து வராததெல்லாம் சேர்ந்து வந்தது. கடையே திரும்பிப் பார்க்க, மஞ்சள் பட்டைக் கட்டிக்கொண்டு நின்று கதறினேன்.

அடுத்த பாயில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் பதறி எழுந்து வந்தார். “அட, அவங்க வாங்கலன்னா போவுது, இதுக்குப் போயா அழுவுற? இத நான் எடுத்துக்கறம்பா. அழாத” என்று சொல்லி, என் தோளிலிருந்து முந்தானையை மெதுவாக இழுத்து, கரையைத் தடவிப் பார்த்தார்.