மைனாவுக்கு வைத்த பலாப்பழம்

துரைசானியின் பெட்டைக் குதிரை கண்ணாயியைக் கண்டால் கனைக்கும். வளப்பூர் நாட்டில் வேறு யாரைக் கண்டும் அது கனைத்ததில்லை. ஊர்க்கவுண்டரே எதிரில் போய் நின்றாலும் வாலை வீசி ஈ ஓட்டும், அவ்வளவுதான். கண்ணாயி புல்லுக்கட்டோடு மேட்டில் ஏறும்போதே, அவள் தலை தெரிவதற்கு முன்பே, முளைக்குச்சியில் கட்டிய கயிறு விறைக்கக் கழுத்தை நீட்டிக் குரல் கொடுக்கும்.

"மைனா, உங்கம்மா வந்துட்டா பாரு" என்பார் குதிரைக்காரர் கரீம் ராவுத்தர்.

கண்ணாயிக்கு உள்ளே பூரித்துப் போகும். முகத்தை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் வைத்துக்கொண்டு கட்டைப் பிரித்து உதறுவாள்.

வருஷா வருஷம் ஆனி மாதத்தில், புளியஞ்சோலையிலிருந்து மலைமேல் ஏறும் குதிரைப் பாதை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்க்க வெள்ளைக்காரத் துரை வருவார். அவருக்கு ஒரு கறுப்புக் குதிரை. துரைசானிக்கு இந்த மைனா, நெற்றியில் வெள்ளைச் சுட்டி வைத்த சிவலைக் குதிரை. இரண்டையும் பார்த்துக்கொள்ள ராவுத்தர் துறையூரிலிருந்து கூடவே நடந்து வருவார். ஓடைப் பக்கத்துப் புல்வெளியில் கூடாரம் அடிப்பார்கள். சில நாள் இங்கே தங்கிப் பாதையெல்லாம் சவாரி செய்துவிட்டு, அடுத்து, அதே மலையில் பக்கத்திலிருக்கும் பைல் நாட்டுக்குக் கூடாரத்தை மாற்றுவார்கள்.

இங்கேதான் மலையின் வழக்கம் ஒன்று குறுக்கே வரும். வளப்பூர் நாட்டு எல்லை வரைக்கும்தான் வளப்பூர்க்காரர் சுமை தூக்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் பைல் நாட்டார் முறை. பெட்டி, படுக்கை, கூடாரத் துணி எல்லாம் எல்லையில் தலை மாறும். குதிரையின் கயிறும் கை மாறும். அதற்குமேல் ஒரு அடி சுமையோடு வைத்தாலும் அடுத்தவர் முறையைப் பிடுங்கியதாகப் பேச்சாகிவிடும்.

போன வருஷம் பைல் நாட்டில் புல் போட்டவள் யாரோ ஒரு கிழவி. கண்ணாயிக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. இந்த வருஷம் அந்த முறை ராமாயிக்கு வந்திருந்தது.

ராமாயி அவள் கூடப் பிறந்த தங்கை. பைல் நாட்டில் வாக்கப்பட்டவள். சிறுபிள்ளையிலிருந்தே ராமாயி நட்ட மிளகுக்கொடி மரத்தைப் பிடித்துக்கொள்ளும், கண்ணாயி நட்டது வாடும். ராமாயி அடைக்கு வைத்த முட்டையெல்லாம் குஞ்சு பொரிக்கும். உதைக்கிற பசுகூட ராமாயி உட்கார்ந்தால் நின்று பால் விடும். "சின்னவ கை ராசி" என்று அம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். கண்ணாயியின் கையும் அதே வயிற்றில் உண்டான கைதான். அதை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. அதனால்தான் போன வருஷம் மைனா முதன்முதலாகக் கனைத்தபோது அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரோ வருகிறார்கள் என்று. யாருமில்லை. அது தன்னைத்தான் கூப்பிட்டது என்று தெரிந்த அந்த நிமிஷத்தை அவள் புருஷன் சின்னுசாமியிடம்கூடச் சொல்லவில்லை.

கூடாரம் மாற்றுவதற்கு முந்தின நாள் ராமாயி வளப்பூருக்கு வந்தாள். குதிரைக்கு என்ன புல், எப்படிப் போடுவது என்று பார்த்துப் போக வேண்டுமாம்.

"பனிப்புல்ல அப்பிடியே போட்றாத தாயி" என்று ராவுத்தர் சொல்லிக்கொடுத்தார். "அறுத்ததும் வெயில்ல விரிச்சு வாட வைக்கணும். ஈரத்தோட தின்னா வயிறு ஊதிக்கும். உங்கக்காவக் கேளு, அவளுக்கு எல்லாம் தெரியும்."

"அக்காளுக்குத் தெரியாததா?" என்று சிரித்தாள் ராமாயி. வெறும் கையோடுதான் நின்றாள். மைனா மூக்கை நீட்டி அவள் தோளை முகர்ந்தது. கழுத்தை முகர்ந்தது. பிறகு கண்ணாயி கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ஒரு பிடி புல்கூடக் கொடுக்காத அவளைப் பார்த்து, கனைத்தது.

"அட! ராசிக்காரிதான் நீ" என்றார் ராவுத்தர்.

கண்ணாயி குனிந்து புல்லை உதறினாள். ஏற்கெனவே உதறிய புல்தான்.  பசு போச்சு, மிளகு போச்சு, அம்மாளும் அவள் பக்கம் போனாள். இதுவுமா?

"அக்கா, நாளைக்கி எல்லையில பாக்கலாம். வாரேன்" என்று ராமாயி கிளம்பியபோது அவள் நிமிரவில்லை.

மறுநாள் விடியும்போதே கண்ணாயி வீட்டுக் கொல்லையில் பழுத்துக் கிடந்த பலாப்பழம் ஒன்றைச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அவள் கணக்கு இதுதான்: மலையில் பலாக் காலத்தில் மாட்டுக்குச் சக்கையும் சுளையும் போடுவார்கள். வயிறு நிறையத் தின்ற மாடு ஒரு மர நிழலில் படுத்து அசைபோடும். அன்றைக்குப் புல்லை ஏறெடுத்தும் பார்க்காது. மைனாவும் அப்படிப் படுத்துவிட்டால்? ராமாயி ஆசை ஆசையாக வாட வைத்த புல்லை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால்? பைல் நாடே பார்க்குமே! வளப்பூர்க்காரி இல்லாமல் குதிரை வாய் வைக்காது என்று ராவுத்தரே சொல்வாரே!

ராவுத்தர் கூடாரத் துணியைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தார். கண்ணாயி தண்ணீர் காட்டுகிற சாக்கில் மைனாவை ஓடைப் பக்கம் மரங்களுக்குள் நடத்திக் கொண்டுபோய்ப் பழத்தைப் பிளந்தாள். தொண்டையில் சிக்கக் கூடாதென்று ஒவ்வொரு சுளையிலும் கொட்டையை எடுத்துவிட்டு ஊட்டினாள். மைனா கண்ணை மூடிக்கொண்டு தின்றது. சுளை தீர்ந்ததும் சக்கை. முழுப் பழமும் போயிற்று. "என் கண்ணு, என் சாமி" என்று அதன் சுட்டியைத் தடவிக் கொடுத்தாள். கையில் ஒட்டிய பலாப்பாலை மண்ணில் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை.

எல்லையில் கயிற்றை வாங்க ராமாயி காத்திருந்தாள். கயிறு கை மாறியது. மைனா திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் பின்னால் நடந்தது. கண்ணாயிக்கு அது சுருக்கென்று தைத்தாலும், இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மத்தியானம் தினைக்காட்டிலிருந்து சின்னுசாமி வேகமாக வந்தான்.

"ஏ புள்ள, சேதி தெரியுமா? அந்தச் சிவலைக் குதிரை பைல் நாட்டுல வுழுந்து பொரளுதாம். உந் தங்கச்சி போட்ட புல்லுல என்னமோ இருந்திருக்குதுன்னு ஊரே அவளத் திட்டுதாம்."

நிஜத்தைச் சொல்வதென்றால், கண்ணாயிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ராமாயியைத் திட்டுகிறார்கள் என்ற அந்த ஒரு சொல் தேனாக இறங்கியது. அது இறங்கி முடிவதற்குள், விழுந்து புரள்கிறது என்ற முதல் சொல் பின்னால் வந்து அவளைப் பிடித்தது. உலை கொதித்துக்கொண்டிருந்தது. அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

பைல் நாட்டுப் புல்வெளியில் கூடாரம் பாதி ஏறி நின்றது. மைனாவின் உடம்பெல்லாம் வேர்வை. தலையைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. பின்னங்காலால் வயிற்றை உதைத்துக்கொண்டது. படுக்கப் போகும்போதெல்லாம் ராமாயி கயிற்றை இழுத்து நடத்தினாள். அவள் முந்தானை மண்ணில் புரண்டது. பைல் நாட்டுப் பெரியவர் அர்த்தனாரி கத்திக்கொண்டிருந்தார்.

"நாட்டு மானத்தையே வாங்கிட்டாளே! வளப்பூர்ல துள்ளிக் குதிச்ச குதிர, நம்ம எல்லைக்கு வந்ததும் சாகக் கெடக்குதுன்னா என்ன சொல்லுவானுங்க? என்னத்தடி போட்ட?"

ராமாயி மைனாவின் மூக்கோடு முகத்தை வைத்தாள். அதன் மூச்சில் பலாப்பழ வாசம் அடித்தது. பிறகு கூட்டத்தில் மூச்சிரைக்க நின்ற அக்காளைப் பார்த்தாள். அக்காளின் விரல்களைப் பார்த்தாள். பலாப்பால் கறுத்துப் பிசுபிசுவென்று அப்படியே இருந்தது. கண்ணாயி கையை முந்தானைக்குள் ஒளித்தாள். ஆனாலும் தங்கைக்குப் புரிந்துவிட்டது.

ராமாயி எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்: "எம்மேலதானுங்க தப்பு. பனிப்புல்ல வாட வெக்காம போட்டுட்டேனுங்க."

சொல்லிவிட்டு அழுதாள். கூடாரத்து வாசலில் நின்ற துரைசானி இறங்கி வந்து அவள் முதுகில் கை வைத்தாள். அர்த்தனாரியின் சத்தம்கூடத் தணிந்துவிட்டது. "செரி, செரி. சின்னப் புள்ள, தெரியாம பண்ணிட்டா. ஒத்துக்கிட்டா பாரு, அந்தக் கொணம் யாருக்கு வரும்?" என்றார்.

ராவுத்தர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வெறும் ஈரப்புல்லுதானா? அப்ப பயமில்ல. சூடா தவுட்டுக் கஞ்சி காச்சி உள்ள விட்டா எளகிரும்." அடுப்பில் பானை ஏறியது.

மைனாவின் வயிற்றில் இன்னும் ஒரு வாய்க்குக்கூட இடமில்லை என்று கண்ணாயிக்குத் தெரியும். வாயைத் திறந்தே ஆக வேண்டும் என்றும் தெரியும். குதிரையைக் காப்பாற்றத்தான் அவள் பேசினாள் என்று பிற்பாடு இரண்டு நாட்டிலும் நல்ல விதமாகச் சொன்னார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் அவளைப் பிடித்துத் தள்ளியது வேறொன்று. துரைசானியின் வெள்ளைக் கை தங்கையின் முதுகில் இருந்தது. ஊரே அவள் குணத்தைப் புகழ்ந்தது. செய்யாத தப்பிலும் நல்ல பேர் இவளுக்கா? தப்பு என்னுடையது. அதையும் இவள் எடுத்துக்கொள்வதா?

"அவ பொய் சொல்றாளுங்க!" கண்ணாயி கத்தினாள். "புல்லுல ஒண்ணுமில்லீங்க. நாந்தான். காலையில நாந்தான் பலாப்பழம் வெச்சேன்."

ராவுத்தரின் கையிலிருந்த அகப்பை நின்றது. "எவ்வளவு?"

"முழுப் பழமுங்க. சக்கையும்."

"யா அல்லா! மாடுன்னு நெனச்சியா? குதிரை அசை போடாது, தாயி. வாந்தியும் எடுக்காது. உள்ள போனது பின்னாலதான் வரணும், வேற வழியில்ல." திரும்பி அடுப்புப் பக்கம் கத்தினார். "கஞ்சிய எறக்கு! வெளக்கெண்ணெ கொண்டாங்க. இஞ்சி, பெருங்காயம், யாரு ஊட்டுல இருந்தாலும் கொண்டாங்க!"

மூங்கில் குழாயில் ஊற்றி மருந்தை உள்ளே விட்டார்கள். இனி நடத்திக்கொண்டே இருக்க வேண்டும், படுக்க விடக் கூடாது என்றார் ராவுத்தர். கண்ணாயி கயிற்றுக்குக் கை நீட்டினாள்.

"நீ தொடாத" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "இனிமே இவளுக்கு உங்கையால ஒண்ணும் வேணாம். அடுத்த வருசமும் வேணாம்."

கண்ணாயி புல்வெளி ஓரத்தில் போய் நின்றாள். ராமாயி குதிரையோடு வட்டம் சுற்றினாள். அக்காளைக் கடக்கும்போதெல்லாம் இரண்டு பேச்சு நடந்தது. மீதிக்கு அடுத்த சுற்று வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

"நாந்தான் ஏத்துக்கிட்டனல்ல? எதுக்கக்கா நீ வாயத் தொறந்த?"

"உன்ன யாருடி ஏத்துக்கச் சொன்னா?"

ஒரு சுற்று போய் வந்தது.

"அதுக்கு என்னமோ ஆகட்டும்னா வெச்ச?"

"சீ! உம் புல்லத் திங்கக் கூடாதுன்னு வெச்சேன்."

"அய்யோ அக்கா!" ராமாயி நின்றேவிட்டாள். "நட, நட!" என்று ராவுத்தர் அதட்டினார். மறுபடி சுற்றி வந்தாள்.

"உனக்கு என்னதான் வேணும்?"

"அது உன்னப் பாத்துக் கனைக்கக் கூடாது."

"அதுக்கு வாயக் கட்டிப் போடவா? எனக்குக் குதிரைன்னாலே பயம், தெரியுமா உனக்கு? நேத்து மூஞ்சிய நீட்டுறப்ப உசுரே போயிட்டுது. உம் முன்னால காட்டக் கூடாதுன்னு சிரிச்சிக்கிட்டு நின்னேன். இந்தப் புல்லு மொறையும் நாங் கேட்டு வரல, மாமியாரு வாங்கி வெச்சது."

கண்ணாயி விரலில் ஒட்டிய பலாப்பாலைச் சுரண்டினாள். பயந்தவளிடமா போய் அது கனைத்தது? வேண்டாம் என்கிறவளுக்கா கிடைத்தது? அவள் ஆசைப்பட்டுப் பறித்திருந்தாலாவது ஒரு சண்டை போட்டிருக்கலாம்.

வெயில் சாய்ந்தது. மலை உச்சியிலிருந்து மஞ்சு மூட்டம் இறங்கத் தொடங்கியது. ராமாயியின் நடை தள்ளாடியது. வேறு யாராவது வாங்கிக்கொள்ளட்டும் என்று ராவுத்தர் சொன்னபோது அவள் கயிற்றை விட மறுத்துவிட்டாள். மைனா திடீரென்று நின்றது. காலை அகட்டியது. வாலைத் தூக்கியது.

பொத்தென்று லத்தி விழுந்தது. இன்னும் விழுந்தது. மஞ்சள் நார் கலந்த லத்தி.

பைல் நாடே ஓவென்று கத்தியது. அர்த்தனாரி துண்டைச் சுழற்றினார். கூடாரத்து வாசலில் துரை எழுந்து நின்று என்ன சத்தம் என்று கேட்டார். ராவுத்தர் மேலே கையை ஏந்தி முணுமுணுத்தார். கண்ணாயி இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அதுவரை வந்ததே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது ராமாயி மைனாவின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றாள். கன்னத்தை அதன் கன்னத்தோடு வைத்து என்னமோ கொஞ்சிக்கொண்டிருந்தாள். மைனா கண்ணை மூடிக்கொண்டு நின்றது. பயமாம் பயம். அந்தப் பயம் எங்கே போயிற்று? ஒரு மத்தியானம் முழுக்க நடக்க வைத்து அந்தப் பயத்தைத் தெளிய வைத்தது யார்? தான்தான்.

கண்ணாயி எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தாள். பாதைவரைக்கும் போனவள் பொறுக்க முடியாமல் திரும்பிக் கத்தினாள்:

"கொஞ்சுனது போதும்டி! கழுத்துல வேர்வ காயல, மஞ்சு எறங்குது. சாக்க எடுத்து மேல போடு!"

"எந்தப் பக்கமிருந்துக்கா போடணும்?"

கண்ணாயி பல்லைக் கடித்தாள்.

"எடப்பக்கம். மொதல்ல கைய வெச்சித் தடவிக் குடு, அப்பறம் போடு. மெதுவா."