ஏழாம் எண் வீடு

மீட்டர்காரருக்கு எண்கள்தான் சாமி. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறித்து வந்தே தலை நரைத்த மனிதர். ஒரு தெருவை நினைத்தால் அங்கே இருக்கிற மரமோ மனுஷரோ அவருக்கு ஞாபகம் வராது, கதவெண்கள்தான் வரிசை கட்டி வந்து நிற்கும். "கல்யாண நாளைக் கேட்டா முழிப்பாரு, கதவெண்ணைக் கேளுங்க, டக்குனு சொல்லுவாரு" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ரத்தம் அப்படி. அவருடைய அப்பாவழித் தாத்தா நகராட்சியில் கதவெண் தகடு அடிக்கிற வேலை பார்த்தவர். பாதி நகரத்துக்கு எண் போட்ட கை அது.

அத்தை என்பவள் அப்பாவின் அக்கா. அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, மீட்டர்காரரைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். எண்பதைத் தாண்டியும் அவள் வாய்க்கு மட்டும் வயதாகவில்லை. கண்ணுக்கு ஆகிவிட்டது. ஒன்று எப்போதோ போயிற்று. மற்றதும் கொஞ்ச காலம்தான், மருந்தால் தள்ளிப்போடலாமே தவிர நிறுத்த முடியாது என்று கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். அத்தை அழவில்லை. வீட்டுக்கு வந்து டீயைக் குடித்துவிட்டு, இனி பார்க்க வேண்டியது என்ன பாக்கி என்று யோசித்தாள். ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அவள் பிறந்த வீடு.

"அதை ஒரு தடவை பாத்துட்டேன்னா நிம்மதியா கண்ணை மூடிடுவேன்டா" என்றாள். பிறகு மருமகன் முகம் போன போக்கைப் பார்த்து, "பதறாதே. கண்ணை மட்டுந்தான் சொல்றேன்" என்றாள்.

பத்து வயதில் அந்த வீட்டை விட்டுப் போனவள். தாத்தாவுக்கு வேறு நகரத்தில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்கள். பல காலம் கழித்து இந்த நகரத்துக்கே திரும்பி வந்தாலும், அதற்குள் தெருக்களின் பெயர்களெல்லாம் மாறிப்போயிருந்தன. மேட்டில் ஏறும் தெரு, முனையில் அடிபம்பு, வாசலில் இரண்டு கல் படி, கதவெண் ஏழு. அத்தையிடம் இருந்தது இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு வீடு தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை. ஆனால் எண் என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால் மீட்டர்காரர் விடுவாரா?

விடுமுறைகளையெல்லாம் நகராட்சி அலுவலகத்தின் கீழ்த்தளத்துப் பதிவேட்டு அறையில் கழித்தார். பழைய வரைபடங்களை விரித்து அடிபம்பு இருந்த இடங்களைத் தேடினார். வரிப் பதிவேடுகளில் தூசி தட்டித் தட்டித் தும்மல் பிடித்துக்கொண்டது. "வீட்டுக்கு வர்றதா உத்தேசம் இருக்கா?" என்று மனைவி போன் போட்டுக் கேட்டாள். கடைசியில் தெரு அகப்பட்டது. அந்தத் தெருவில் தண்ணீர் மீட்டர் பார்க்க அவர் எத்தனையோ முறை போயிருக்கிறார்! புதுப் பெயரில் இருந்ததால் தெரியவில்லை.

தெரு கிடைத்ததும் ஒரு சிக்கல் முளைத்தது. அத்தைக்கு ஆறு வயதானபோது நகராட்சி அந்தத் தெருவின் எண்கள் அத்தனையையும் மாற்றியிருக்கிறது. எந்த முனையிலிருந்து எண்ணுவது என்பதையே மாற்றி, ஒரு பக்கம் ஒற்றைப்படை, எதிர்ப்பக்கம் இரட்டைப்படை என்று புதிதாகப் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் அத்தை சொல்லும் ஏழு பழைய ஏழா, புது ஏழா? மீட்டர்காரர் அத்தையிடமே கேட்டார். அத்தை அடித்துச் சொன்னாள்: எண் மாறவே இல்லை, ஊரை விட்டுக் கிளம்பிய அன்றைக்குக்கூட அந்த ஏழாம் எண்ணைத் தொட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறினாளாம். பத்து வயதில் கிளம்பியவள் பார்த்தது ஏழு என்றால், அது புது ஏழாகத்தானே இருக்க வேண்டும்? மீட்டர்காரருக்குக் கணக்கு சுத்தமாகத் தீர்ந்தது.

பதிவேட்டு அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் மட்டும் ஒரு வாக்காளர் பட்டியலைக் காட்டினாள். எண் மாற்றிய பிறகு எடுத்த பட்டியல். அதில் தாத்தாவின் பெயர் இருபத்திரண்டாம் எண்ணில் இருந்தது. எழுதியவன் தூக்கக் கலக்கத்தில் எழுதியிருப்பான் என்று மீட்டர்காரர் ஒதுக்கிவிட்டார். எழுதுகிறவன் தப்புச் செய்வான், தகடு தப்புச் செய்யாது. அதுவும் எண் அடிக்கிறவர் தன் சொந்த வாசலில் தப்பான எண்ணை அடித்துக்கொள்வாரா என்ன?

சந்தோஷமாக ஏழாம் எண்ணைப் பார்க்கப் போனார். அங்கே வீடே இல்லை. கார் நிறுத்துகிற இடம்.

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. இதை எந்த வாயால் அத்தையிடம் சொல்வது? உடுத்திக்கொள்ள நல்ல உடுப்பை எடுத்து மடித்து வைத்துவிட்டு, என்றைக்கு என்றைக்கு என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் கிழவி. மனைவிதான் வழி சொன்னாள். அவளும் அத்தை மேல் உயிரையே வைத்திருப்பவள்.

"ஏங்க, அவங்களுக்குத் தெரியறதே ஓரத்துல கொஞ்சம் வெளிச்சம். அதே தெருவுல ரெண்டு படி வச்ச பழைய வீடு ஒண்ணைக் காட்டுங்க. பாவம், மனசு நெறஞ்சு வரட்டும்."

பொய்தான். ஆனால் யாரைக் கெடுக்கிற பொய்? மீட்டர்காரர் ஒருவாறு மனசைத் தேற்றிக்கொண்டார். கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் பதினொன்றாம் எண் வீடு தோதாக இருந்தது. படி இரண்டு, கதவும் பழசு.

டாக்சியில் போகும்போது அத்தை கதை கதையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். மீட்டர்காரர் உம் கொட்டக்கூட இல்லை. இறங்கியதும் கையைப் பிடித்துப் பதினொன்றாம் எண் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, "இதுதான் அத்தை" என்றார்.

அத்தை கோழி மாதிரி தலையைச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் வீட்டைப் பார்த்தாள். அந்த ஓரத்தில்தான் அவளுக்குப் பார்வை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு படியேறி, கைத்தடியை மருமகனிடம் கொடுத்துவிட்டு, கதவு நிலையை இடுப்பு உயரத்தில் உள்ளங்கையால் தடவினாள். இந்தப் பக்கம் தடவினாள், அந்தப் பக்கமும் தடவினாள். முகம் மெல்ல மெல்ல வாடியது.

"என்ன தேடறீங்க?"

"ஏழைத்தான்டா."

"எண் மேலதானே இருக்கும் அத்தை, நிலைக்கு மேல."

"மேல இருந்தா நான் எப்படிடா தொட்டிருப்பேன்? அப்ப நான் இத்துனூண்டு இருந்தேன்."

மீட்டர்காரருக்குச் சுருக்கென்றது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்களே, அது இதுதான். ஏழைத் தொட்டேன், தொட்டேன் என்று கிழவி சொல்லிக்கொண்டே இருந்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கழுத்தை நிமிர்த்தியே எண் பார்த்துப் பழகிய மனிதருக்கு, ஒரு குழந்தையின் கை எதுவரை எட்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

கேட்கக் கேட்க அத்தை சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவள் வீட்டைத் தவறவிட்டுவிட்டாள். எல்லாக் கதவும் ஒரே மாதிரி, எண்ணோ உயரத்தில். யார் வீட்டு வாசலிலோ உட்கார்ந்து அழுதவளை அப்பா வந்து தூக்கிப் போனார். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஏழாம் எண் ஒன்றை அடித்து, இது உனக்கென்று அடித்த எண், இதை யாரும் மாற்ற மாட்டார்கள் என்றாராம்.

மீட்டர்காரரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அத்தை, நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். இது நம்ம வீடு இல்லை" என்றார்.

"தெரியும்டா. வண்டியில நீ வாயே தொறக்கலியே. பொய் சொல்லப் போறேன்னா நீ ஊமையாயிடுவே, சின்னதுலேருந்தே அப்படித்தான்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"எனக்காக இவ்வளவு நாய்படாத பாடு பட்டிருக்கே. இதான்டா நம்ம வீடுன்னு சொல்லி உன்னை சந்தோஷப்படுத்திடலாம்னுதான் நெனச்சேன். கைதான் கேக்கலை."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்ற வந்து நின்ற லட்சணத்தைப் பாருங்கள்! நடுத்தெருவில் அத்தையும் மருமகனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது மீட்டர்காரர் மனதில் அந்த வாக்காளர் பட்டியல் வந்து நின்றது. எழுதியவன் தூங்கவில்லை. தூங்கியது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

இருபத்திரண்டாம் எண் எதிர்ச்சாரியில், மேட்டில் இருந்தது. இப்போது சலவைக் கடை. உள்ளே இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் சோப்பு வாசனையுமாக இருந்தது. வாசலில் இரண்டு கல் படி. மீட்டர்காரர் கடைக்காரியிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தையின் கை நிலையின் இடது பக்கம் போய்விட்டது. குனிய வேண்டிய அவசியமே இல்லை. முதுகு வளைந்து வளைந்து, கிட்டத்தட்ட அந்தப் பழைய உயரத்துக்கே அவள் வந்து சேர்ந்திருந்தாள். அவள் விரல்கள் ஒரு மேட்டில் தட்டி நின்றன.

"அதுவா?" என்றாள் கடைக்காரி. "என்னமோ பழைய தகடும்மா. துணி மாட்டிக் கிழியுதேன்னு பிடுங்கப் பாத்தோம், வரவே இல்லை. போகுதுன்னு மேலயே பெயின்ட் அடிச்சுட்டோம்."

"எங்கப்பா அடிச்ச ஆணி. வந்துடுமா?" என்றாள் அத்தை.

பெயின்ட் மேல் பெயின்டாக ஏறியிருந்த தகட்டில் அவள் விரல் குறுக்கே ஒரு கோடு போயிற்று, பிறகு சரிந்து கீழே இறங்கிற்று. ஏழேதான். அப்போதுதான் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மேலே என்ன எண் இருக்கிறது என்று கேட்டாள்.

"இருபத்திரண்டு அத்தை. உங்களுக்கு ஆறு வயசா இருக்கும்போதே மாத்திட்டாங்க. புதுத் தகட்டையும் தாத்தாதான் அடிச்சிருப்பாரு. கழட்டுன பழைய தகட்டையெல்லாம் ஆபீஸ்ல திருப்பிக் கொடுக்கணும்னு சட்டம். இந்த ஒண்ணை மட்டும் கொடுக்கலை போலிருக்கு."

அத்தை அந்த ஏழை மறுபடி ஒருமுறை தடவினாள். ஆறு வயதுப் பெண்ணிடம் போய், உன் எண் இனிமேல் வேறு என்று எந்த அப்பன் சொல்வான்? தெரு முழுக்க எண்ணை மாற்றிவிட்டு வந்த மனுஷன், தன் மகளுக்கு மட்டும் மாற்றவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே கள்ளன்" என்றாள். சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். "சர்க்கார் தகட்டைத் திருடினவன் பொண்ணுடா நான்."

பிறகு அவள் படியிறங்கித் தெரு ஓரம்வரை போனாள். பிடிக்க வந்த மருமகனின் கையை விலக்கினாள். திரும்பி நின்று, மிச்சமிருந்த அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டாள். கைத்தடியைத் தட்டித் தட்டி வந்தாள். முதல் படி ஏறினாள், இரண்டாவது படி ஏறினாள். கை தானாகவே போய் ஏழின் மேல் உட்கார்ந்தது.

"அப்பா, வந்துட்டேன்" என்றாள்.

கடைக்காரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்படியே நின்றாள். மீட்டர்காரர் பழக்க தோஷத்தில் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். அந்த இருபத்திரண்டு அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.