தண்டவாளத்துக்கு அடியில் நின்ற தண்ணீர்

ரஹ்மத்துன்னிசாவுக்குக் காது மந்தம். பிறவிக் கோளாறு அல்ல. கல்யாணத்துக்கு முன்னிருந்தே நிட்டிங் மெஷின்களுக்கு நடுவில் நின்று நின்று வந்தது. இப்போது அவள் வேறு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள், சத்தமில்லாத வேலைதான். ஆனால் போன காது போனதுதான். பக்கத்தில் நின்று உரக்கச் சொன்னால் கேட்கும். ரயில் வருவது கேட்காது.

இதுதான் அவள் புருஷன் கைருதீனின் கவலை. வீடு தண்டவாளத்துக்குத் தெற்கே, அவள் கம்பெனி வடக்கே. முன்பு கேட் இருந்தது. அதை எடுத்துவிட்டு ரயில்வே அடியில் குடைந்து சுரங்கப்பாதை போட்டது. ஒரு மழை போதும், இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றுவிடும், லேசில் வற்றாது. ஜனம் தண்டவாளத்தின் மேலேயே ஏறி இறங்கியது. அவளும்தான். கைருதீனுக்குத் தெற்குப் பக்கத்துக் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர் வேலை, கூடப் போக வழியில்லை. வேலையை விட்டுவிடு என்று சொல்லிப் பார்த்தார்.

"காது போனா என்னங்க, கண்ணு இருக்குதில்ல" என்று சொல்லிவிட்டு அவள் சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கண் இருந்து என்ன, அந்த இடத்தில் தண்டவாளம் வளைந்து வருகிறது. ரயில் தெரிகிறபோது பக்கத்தில் வந்திருக்கும்.

தண்ணீரை இறைக்க மோட்டார் கேட்டு மனுக் கொடுப்பது என்று கைருதீன் முடிவு செய்தார். யாரிடம் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். தண்டவாளம் டெல்லி சர்க்காருடையது, ரோடு சென்னை சர்க்காருடையது. தண்டவாளத்துக்கு அடியில் போகிற ரோடு யாருடையது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. ஷிப்மெண்ட் அவசரமென்றால் முதலாளி ஒரே ஆர்டரை, கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற இரண்டு ஜாப் ஒர்க் யூனிட்டுக்குச் சொல்லி வைப்பார். எது முந்துகிறதோ அது. கைருதீனும் அப்படியே செய்தார். ஒரே மனுவை ரயில் ஆபீசிலும் கொடுத்தார், ரோட்டு ஆபீசிலும் கொடுத்தார். இரண்டு இடத்திலும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வந்து, கரையில் நின்று, போட்டோ எடுத்துப் போனார்கள்.

அவ்வளவுதான். மோட்டார் வரவில்லை. அடுத்த மழைதான் வந்தது.

அரை நாள் லீவு போட்டு ரோட்டு ஆபீசுக்குப் போனார். அங்கே அனிதா என்கிற இன்ஜினியர் அம்மா, ரயில்வே இதை எடுத்துக்கொண்டதாகத் தெரிந்ததால் தாங்கள் நிறுத்திவிட்டோம் என்றாள். பஸ் பிடித்து ரயில் ஆபீசுக்குப் போனால், ரோட்டுக்காரர்கள் செய்வதாகக் கேள்விப்பட்டு விட்டுவிட்டோம் என்றார்கள். மறுபடியும் அனிதாவிடமே வந்தார். அவள் கோபப்படாமல் விளக்கினாள்.

"ஒரே வேலைக்கு ரெண்டு சர்க்காரும் செலவு பண்ண முடியாதுங்க ஐயா. ஆடிட்ல மாட்டிக்குவோம். யாராவது ஒருத்தர்கிட்டத்தான் நீங்க கேக்கணும்."

மறுநாள் கம்பெனியில் இதைக் கேட்டு, அடுத்த அயர்ன் டேபிள் கந்தப்பன் வயிறு குலுங்கச் சிரித்தான். "இவன் முடிச்சுருவான்னு அவனும், அவன் முடிச்சுருவான்னு இவனும் மெஷினை ஆப் பண்ணிட்டாங்க பாய். பீஸ் ரேட்டுக்காரனா இருந்தா அடிச்சுப் புடிச்சுத் தெச்சிருப்பான். இவங்க மாசச் சம்பளமுங்க."

கைருதீன் ஒரு மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். எதை என்று இஸ்திரிப் பெட்டியை இழுத்தபடியே யோசித்தார். குழி வெட்டியது ரயில்வே. நியாயப்படி இறைக்க வேண்டியதும் அவர்கள்தான். ஆனால் அங்கே இருக்கிற ஆபீசர் மேலே கேட்க வேண்டும், அவர் அதற்கும் மேலே கேட்க வேண்டும், அது டெல்லி வரை போகும். போய் நின்று ஏனென்று கேட்க இவரால் ஆகாது. அனிதா ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறாள். மழை வந்தால் அவளும் அந்தப் பாதையை விட்டுச் சுற்றித்தான் வீட்டுக்குப் போகிறாள். ரயில் ஆபீசில் கொடுத்ததை வாங்கிக்கொள்வது என்று முடிவாயிற்று.

கந்தப்பனுக்கு இது பிடிக்கவில்லை. "குழி தோண்டுனவன விட்டுப்போட்டு ரோட்டுக்காரன் சட்டையப் புடிக்கறீங்களே பாய், நியாயமுங்களா? இனி எந்தக் காலத்துலயும் ரயில்காரன் அந்தப் பக்கம் திரும்ப மாட்டான்."

"நியாயம் வர்ற வரைக்கும் எம் பொண்டாட்டி தண்டவாளத்து மேலதானே கந்தப்பா தாண்டணும்" என்றார் கைருதீன்.

ரயில் ஆபீசில் சந்தோஷமாகத் திருப்பிக் கொடுத்தார்கள், டீ கூட வாங்கித் தந்தார்கள். தங்கள் சுரங்கப்பாதைச் சுவரில் யாரும் ஆணி அடிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள். அதனால் ரோட்டு ஆபீஸ் மோட்டாரைச் சுவருக்கு வெளியே, தன் எல்லையில் வைத்து, நீளமான ஓஸ் பைப்பை உள்ளே இறக்கியது. இதற்கே ஐப்பசி முடிந்துவிட்டது. மோட்டார் ஓடிய முதல் நாள் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது, மறுநாள் வெறும் சேறுதான் இருந்தது.

அன்று சாயங்காலம் கைருதீன் சுரங்கப்பாதையின் தெற்கு வாசலில் போய் நின்றார். கம்பெனி விட்டு வருகிற பெண்களோடு ரஹ்மத்துன்னிசா உள்ளேயிருந்து வந்தாள். செருப்பு கையில், சேலை கணுக்காலுக்கு மேல்.

"சேத்தைக் கூடக் கழுவி விட மாட்டாங்களாட்டம் இருக்குதுங்க" என்று அங்கிருந்தே ஆரம்பித்தாள். இதற்கு மேலேயே போயிருக்கலாம், புதுச் சேலை பாழ், துவைக்கிறவளுக்குத்தானே தெரியும் என்று நீண்டது. அப்போது கோயமுத்தூர் பக்கமிருந்து ரயில் வந்து, அவள் தலைக்கு மேலே பாலத்தை அதிரவைத்துக் கடந்தது. மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. சேற்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தாள். அவர் ரயில் சத்தத்தில் ஒரு வார்த்தையும் காதில் விழாமலே தலையாட்டிக்கொண்டு நின்றார்.